நான்காவது அழுகை

என் மனைவி அழுது சம்பாதித்தவள். இதை அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு டப்பிங் தியேட்டரில் வேலை. கதாநாயகிக்கு வசனம் பேச வேறொரு பெண் இருப்பாள். பெரிய அழுகை வரும் இடத்தில், தொண்டை கட்டிக்கொண்டால் மறுநாள் பிழைப்பு கெட்டுவிடும் என்று அந்தப் பெண் ஒதுங்கிக்கொள்வாள். அப்போது இவளைக் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் கூட்டத்தில் ஒருத்தியாக நின்று கூச்சல் போடுவாள். எந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலிலும் இவள் பெயர் வந்ததில்லை. சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, கம்மிய குரலில், "இன்னைக்கு மூணு புருஷனைப் பறிகொடுத்துட்டு வந்திருக்கேன். ஒரு டீ போட்டுக் குடுங்க" என்பாள். போட்டுக் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "மிச்சம் இருக்குற புருஷனுக்கு டீ போட வரலை" என்பாள்.

வீட்டில் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. அவளுடைய அப்பா இறந்தபோதுகூட வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, வேலை நேரத்துக்கு வெளியே அழுவதில்லை என்றாள்.

கடைசி வருடம் சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பு, முடி கொட்டுவதற்குள் தானே வெட்டிக்கொள்வது மேல் என்று பார்லருக்குப் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள். வந்து கண்ணாடி முன்னால் நின்று, இனிமேல் சீப்பு முழுக்க உங்களுக்குத்தான், அனுபவியுங்கள் என்றாள். எனக்கு அதற்குப் பத்து வருடம் முன்பே வழுக்கை. அந்த நாட்களில் குளியலறைக்குள் போனால் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் இருப்பாள். "யானையையா குளிப்பாட்டுற? தொட்டி காலியாயிடும்" என்று கதவைத் தட்டுவேன். "முதுகு தேய்க்க ஆள் இல்ல, அதான் யானைக்கு லேட்டு" என்று உள்ளேயிருந்து பதில் வரும். வெளியே வரும்போது முகம் கழுவிப் பளிச்சென்று இருப்பாள்.

சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் முடிச்சுக்குப் போவோம். முடிச்சு என்பது எங்கள் சினிமாப் பைத்தியங்களின் கூட்டம். ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையில் கூடுவோம். ஒவ்வொரு வாரமும் ஒருவர் கேள்வி போடுவார். ஒரு படத்திலிருந்து ஒரு காட்சி, இன்னொன்றிலிருந்து ஒரு பாட்டின் வரி, ஒரு நடிகையின் சின்ன வயதுப் புகைப்படம் என்று சம்பந்தமில்லாத நான்கு துப்புகளைத் தருவார். நான்கையும் ஒன்றாகக் கட்டுகிற விஷயம் என்ன என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அந்த விஷயம்தான் முடிச்சு. கூட்டத்தை நடத்துபவர் அந்த சென்டரின் கணக்கு வாத்தியார். மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவரை டைட்டில் என்று கூப்பிடுவோம். தியேட்டரில் கடைசிப் பெயர் ஓடி முடிந்து திரை வெள்ளையாகும்வரை எழுந்திருக்க மாட்டார். கூட்டிப் பெருக்க வருகிறவர்கள் அவர் காலைத் தூக்கச் சொல்வார்களாம். பிறகு, என் மனைவி வழக்கமாகப் போகும் பார்லரை நடத்துகிற அம்மா. அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் என்பதால் நான் புரூஃப். என் மனைவி போட்டியில் சேர மாட்டாள். கரும்பலகையில் மதிப்பெண் எழுதுவாள், தோற்றவர்களைக் கிண்டல் செய்வாள்.

அங்கே ஒரே ஒரு விதிதான் உண்டு: வீட்டு முடிச்சு கூடாது. முன்பு ஒருமுறை டைட்டில் நான்கு படங்களைத் துப்பாகப் போட்டார். எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில், நான்கிலும் வருவது தன் தாய்மாமாவின் கார் என்றார். அறையே அவர்மேல் பாய்ந்தது. சம்பந்தமில்லாத ஆள் கண்டுபிடிக்க முடியாதது முடிச்சே இல்லை என்று வாத்தியார் அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னார். மாமா அந்தக் காரிலேயே வந்து இறங்கினால் பாதி மார்க் போடுகிறேன் என்று என் மனைவி பலகையில் எழுதி வைத்தாள்.

அதனால்தான் அவளை வைத்து முடிச்சு போட வேண்டும் என்ற ஆசையை நான் பல வருடம் அடக்கி வைத்திருந்தேன். பெயர் இல்லாதவளை எங்கே போய் நிரூபிப்பது? அவளே வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

அவள் போன பிறகு எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. யாராவது ஒருவர், நான் சொல்லாமல், தம் காதாலேயே அவளைக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவள் அந்தப் படங்களுக்குள் இருக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்திருப்பது, அவள் இல்லாததற்குச் சமமாக இருந்தது.

மூன்று துப்புகள் கையில் இருந்தன. மூன்றும் தியேட்டர் இருட்டில் அவளே என் முழங்கையை இடித்து, "இது நான்" என்று சொன்னவை. ரயில் நகரும்போது ஒன்று, கோர்ட்டில் ஒன்று, பிள்ளையைத் தொலைத்த சந்தையில் ஒன்று. ஒவ்வொரு அழுகையும் அடங்குகிற இடத்தில் மூச்சு இரண்டு தடவை தடுக்கி உள்ளே போகும். அது அவளுடைய முத்திரை. கூர்ந்து கேட்பவருக்கு அது போதும்.

நான்காவதை நானே கண்டுபிடித்தேன். அவள் படுக்கையிலிருந்த நாட்களில் டிவியில் ஒரு படம் ஓடியது. அதில் கதாநாயகி முதுகைக் காட்டி நின்று பாத்திரம் கழுவுகிறாள். குழாய்த் தண்ணீர் கொட்டுகிறது. அதற்கு அடியில் மிக லேசாக ஓர் அழுகை. கவனிக்காதவருக்குத் தண்ணீர் மட்டும்தான் கேட்கும். எனக்குச் சட்டென்று உடம்பு சிலிர்த்தது. இவள்தான் என்று துளிகூடச் சந்தேகம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிக் கேட்க மனம் வரவில்லை. அவள் சொல்லாமலே அவளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற கர்வமும் இருந்தது. அவள் போன பின்பு மற்ற மூன்றையும்விட அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கேட்டுக்கொண்டே நானும் அழுதிருக்கிறேன்.

என் முறை வந்த சனிக்கிழமை, ஒரு சின்ன ஸ்பீக்கரோடு போனேன். பலகையில் இப்போது வாத்தியார்தான் எழுதுகிறார். கோழி கிளறியது போன்ற கையெழுத்து. நான்கையும் ஒலியாக மட்டும் போட்டேன்.

வாத்தியார் நான்கு கதாநாயகிகளுக்கும் அது முதல் படமா என்று பார்த்தார். டைட்டில் படங்களை ஒரே மூச்சில் அடையாளம் கண்டு, கேமராமேன், எடிட்டர் என்று வரிசையாகப் பொருத்திப் பார்த்து, எதுவும் ஒட்டவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். பார்லர் அம்மா மறுபடியும் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"முதல் மூணும் ஒரே ஆளு அழுறாங்க" என்றார். "முடியிற எடத்துல மூச்சு தட்டுது பாருங்க."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "மூணு இல்லம்மா, நாலும்" என்றேன்.

"நாலாவது வராது புரூஃப்" என்றார் டைட்டில்.

ஏன் வராது என்று கேட்டேன். அவர் எப்போதும்போல மேலே விட்டத்தைப் பார்த்தபடி, ஓடும் எழுத்தைப் படிப்பவர் மாதிரி சொன்னார். அந்தப் படத்தின் கடைசிப் பெயருக்கும் பிறகு ஒரு வரி வரும்: இப்படத்தின் குரல்கள் அனைத்தும் படப்பிடிப்பின்போதே பதிவு செய்யப்பட்டவை. அதற்கு டப்பிங்கே கிடையாது. அந்த நடிகைதான் அங்கேயே, அந்தக் குழாயடியிலேயே நின்று அழுதிருக்கிறார். "வேற யாரும் அழுதிருக்க முடியாது. ஆமா, அந்த மூணு யாரு?"

நான் சொன்னேன்.

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைட்டில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, "எனக்குத் தப்பா ஞாபகம் இருக்கலாம்" என்றார். "வேற படத்தோட குழப்பிக்கிட்டேனோ என்னமோ."

இத்தனை வருடத்தில் அந்த மனிதர் அப்படி ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர் குழப்பிக்கொள்ளவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அந்தப் படத்தை டிவியில்தான் பார்த்தேன். கடைசிப் பெயர்கள் வருமுன் விளம்பரம் வந்துவிட்டது. பிறகு தேடி எடுத்து வைத்துக்கொண்டதும் அந்த ஒரு காட்சியை மட்டும்தான். வாத்தியார், மூன்று சரியாக இருக்கிறதே, போதாதா, முழு மார்க் போட்டுவிடலாம் என்றார். நான் எழுந்துபோய் அவர் கையிலிருந்த டஸ்டரை வாங்கி என் கேள்வியை அழித்தேன். மூன்றை வைத்து முடிச்சு இல்லை. அவள் பலகையருகே நின்றிருந்தால் அவளும் அழித்திருப்பாள்.

எனக்கு வலித்தது தோல்வி இல்லை. இத்தனை மாதமும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் அழுகையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். கட்டியவளின் குரல் எனக்குத் தெரியவில்லை. அவள் இடித்துக் காட்டிய இடத்தில் மட்டும் தெரிந்தது.

படியிறங்கும்போது பார்லர் அம்மா பின்னாலேயே வந்தார். திருப்பத்தில் நின்று, "அண்ணே, ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு அண்ணி சொல்லியிருந்தாங்க" என்றார்.

முடி வெட்டிய அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். வெட்டும்போதெல்லாம் ஜோக்கடித்துக்கொண்டே இருந்தாளாம். முடிந்ததும், தலையை அலசும் தொட்டியில் சாய்த்துவிட்டு, குழாயை நன்றாகத் திறந்துவிடச் சொன்னாளாம். தண்ணீர் கொட்டக் கொட்ட அழுதாளாம். பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்குக்கூடத் தெரியவில்லை.

"வீட்டுலயும் இப்படித்தான் பண்ணுவேன், அவருக்குக் கேக்காதுன்னாங்க" என்றார். பிறகு, "டைட்டில் சொன்னா சரியாத்தான் இருக்கும். நாலாவது அண்ணி இல்ல. ஆனா மத்த மூணும் அவங்க பார்த்த வேலைண்ணே. அவங்க அழுதா அந்த நாலாவது மாதிரிதான் இருக்கும். கேட்டதும் எனக்குத் தூக்கிப் போட்டுச்சு" என்றார்.

நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் தெருமுனைவரை கூடவே நடந்து வந்தார்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவக் குளியலறைக்குப் போனேன். குழாயைத் திறந்தேன். வாளியில் தண்ணீர் விழுந்தது. நான் கதவைத் தட்டி யானை என்று கத்திய சாயங்காலங்களில், கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அவள் அழுகை கேட்டிருக்கிறது. கேட்கிறது என்று தெரியாமலே காது வாங்கி வைத்திருக்கிறது. இல்லாவிட்டால், டிவியில் எவளோ ஒருத்தி குழாயடியில் நின்று அழுதபோது என் மனைவி என்று நான் ஏன் திரும்பிப் பார்த்தேன்?

வாளி நிறைந்து வழிந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் எதுவும் இல்லை. இருந்தாலும் குழாயை உடனே மூடவில்லை.