இறக்கத்தில் மூன்று சதவீதம்

டீசல் ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்து குமுளி மலை ஏறியவர்களுக்கு அந்தப் புகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது ஏன் நம் மூக்குக்கே வந்து சேருகிறது என்று பலரும் யோசித்திருக்க மாட்டார்கள். புகைக்குழாய் பின்னால்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. வண்டி முன்னால் போகிறது. புகை பின்னாலேயே தங்கிவிட வேண்டும் அல்லவா? தங்காது. ஜீப் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும்போது அதன் முதுகுப்புறத்தில் காற்றழுத்தம் குறைந்துவிடுகிறது. அந்தக் குறையை நிரப்பச் சுற்றியுள்ள காற்று சுழன்று பாய்கிறது, புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. பின்பக்கம் திறந்த படுதா ஜீப் என்றால், பதினாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடம்தான் அந்தப் புகைக்குக் கிடங்கு.

அந்த மலையின் அடிவாரத்துக் கூடலூரில் பதினாறு வருஷம் டீசல் மெக்கானிக்காக இருந்தவன் நான். ஜீப் படுதாவின் உள்பக்கம் விரலை வைத்து இழுத்தால் கண்மை போலக் கரி ஒட்டும். எண்ணெய்ப் பசையுள்ள கரி. தண்ணீரில் போகாது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் எங்கள் ஊர்ப் பெண்கள் தினமும் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய் வருகிறார்கள். என் கை மட்டும் என்ன வாழ்ந்தது? எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் பழைய ஆயில் நின்றது. நான் பிசைந்து ஊட்டினால் என் மகள் வாயைத் திறக்க மாட்டாள்.

போன வருஷம் பட்டறையை மூடிவிட்டு ஏழு பேர் உட்காரும் மின்சாரக் கார் ஒன்றை வாங்கினேன். டீசல் எஞ்சினில் எரிகிற எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போவது கஷ்டம். மீதி முழுக்கச் சூடாகவும் புகையாகவும் வீணாகிறது. மின்சார மோட்டாரில் பெரும்பங்கு சக்கரத்துக்கே போகிறது. கிளட்ச் இல்லை, எஞ்சின் ஆயில் இல்லை, ராத்திரி வீட்டுப் பிளக்கில் மாட்டிவிட்டால் காலையில் தயார். இதை நான் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

ஜீப் ஸ்டாண்டில் செல்லப்பாண்டி அண்ணன் கேட்டார். “ஏம் மாப்ள பிரவீனு, மிக்ஸிக்கு டயரு மாட்டி ஓட்டிட்டு வந்துட்ட. மலையில சார்ஜ் தீந்தா கரண்டு கம்பத்துல கொக்கி போடுவியா?”

“தீராதுண்ணே. எறங்கும்போது அதுவே ஏறிக்கும்.”

“அதுவேவா? அப்ப ஏறும்போது எறங்கிக்கிருமாக்கும்.”

ஸ்டாண்டே சிரித்தது. அவர் ஜீப்பில் போகிற பதினாலு பேரில் ஒருத்திதான் மொக்கம்மாள் அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது. லோயர் கேம்ப் தாண்டி முதல் வளைவு வந்ததும் வாந்தி எடுத்துவிடும். அநேகமாகத் தினமும். மடியில் பிளாஸ்டிக் பை தயாராக இருக்கும். முடிச்சுப் போட்டுப் பின்பக்கமாக எறிந்துவிடும். தின்பண்டம் என்று நினைத்து ரோட்டோரக் குரங்குகள் அதைப் பிய்க்கும். பிய்த்ததோடு நிற்காது. அதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை.

அந்தப் பெண்களில் ஆறு பேருக்குத் தோட்டத்து ஸ்டோரில் வேலை. உலர்ந்த ஏலக்காயை நிறம், பருமன் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை. ஏலக்காய்க்கு ஒரு குணம் உண்டு. தன் வாசனையைக் கொடுப்பது போலவே பக்கத்து நாற்றத்தையும் வாங்கிக்கொள்ளும். ஒருநாள் ஸ்டோர் மேனேஜர் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, “இதெந்தா ஒரு நாற்றம்?” என்று கேட்டாராம். டீசலும் புளித்த வாந்தியும் கலந்த வாடை. அந்த ஆறு பேரில் ஒருத்தியான கஸ்தூரியம்மாள் அக்காதான் மற்றவர்களை மேய்க்கிற கங்காணி. அது அன்றைக்கே மொக்கம்மாளிடம் சொல்லிவிட்டது.

“இன்னொரு தரம் வண்டியில கக்குனேன்னா ஸ்டோருப் பக்கம் வராத ஆத்தா. காட்டுல காயெடுக்கப் போயிரு.”

காட்டில் காய் எடுப்பது என்றால் சரிவில் குத்தவைத்து நாள் முழுக்க நகர வேண்டும். மொக்கம்மாளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. ஸ்டோர் போனால் அதற்கு வேறு வேலை இல்லை.

டீசல் வாடையே வேண்டாம் என்று மேனேஜர் இந்த ஆறு பேருக்கும் என் காரைப் பேசிவிட்டார். முதல் நாள் காலையில் எல்லோர் முன்னாலும் நான் வாக்குக் கொடுத்தேன்.

“இந்த வண்டியில வாந்தி வராதுக்கா. பொகையில்ல, குலுங்கல் இல்ல. நான் பொறுப்பு.”

“நீ பொறுப்புன்னா அவ கக்குறத நீயா அள்ளுவ?” என்றது கஸ்தூரியம்மாள். ஆனாலும் கங்காணிக்கு உரிய முன்சீட்டை அது மொக்கம்மாளுக்கே கொடுத்தது. இரக்கத்தால் அல்ல. “முன்னாடி உக்காரு. வந்துச்சுன்னா கதவத் தொறந்து குதிச்சிரு. எங்க மேல வந்துராத.”

ஏற்றம் அருமையாகப் போனது. ஜீப் முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறும் இடங்களில் என் கார் சத்தமே இல்லாமல் ஏறியது. மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை உண்டு. அதனால் வேகம் சீராக இருந்தது. மொக்கம்மாள் மடியில் பையைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தது. குமுளி எல்லை வந்த பிறகுதான் பையை மடித்து இடுப்பில் சொருகியது. பின்சீட்டில் அனிதா மேரி, “அக்கா, ஒன் வகுறு இன்னைக்கி லீவு போல” என்றாள். மொக்கம்மாள் சிரித்தது. அதன் பல்வரிசையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஸ்டோரில் மேனேஜரிடமும் போய், வாந்திக்குக் காரணம் புகைதான், அதை ஒழித்தாயிற்று என்று ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் வந்தேன்.

அன்று மதியம் ஸ்டோரில் ஏதோ விசேஷம். கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் போட்டார்கள். இனி பயமில்லை என்று எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறார்கள். மொக்கம்மாள் உட்பட.

சாயங்காலம் இறக்கம்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். மின்சாரக் காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடும். உருளும் சக்கரம் அதைச் சுற்றும், அது பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும், அந்த வேலையே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ரீஜென் என்பார்கள். லோயர் கேம்பில் மலையிலிருந்து ராட்சசக் குழாய்களில் தண்ணீர் இறங்கி மின்சாரம் எடுக்கிறார்களே, அதே கணக்கு. அங்கே தண்ணீர் இறங்குகிறது, இங்கே என் கார் இறங்குகிறது. ரீஜெனை எவ்வளவு பலமாக வைக்கலாம் என்பதற்கு என் காரில் மூன்று நிலைகள் உண்டு. நான் மூன்றாவதில் வைத்தேன்.

குமுளியில் பேட்டரி எழுபத்தாறு சதவீதம் இருந்தது. முதல் வளைவுக்குக் காலை எடுத்தேன். வண்டி பிடித்தது. வளைவு முடிந்ததும் மிதித்தேன். பாய்ந்தது. அடுத்த வளைவு, மறுபடி எடுத்தேன். திரையில் பச்சை அம்பு பேட்டரியை நோக்கி ஓடியது.

“கஸ்தூரியக்கா, பாருங்க. எழுபத்தேழாயிருச்சு. இறங்க இறங்க ஏறுது.”

பதில் இல்லை. வியந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

“டீசல் வண்டியில இந்த பிரேக்கு அம்புட்டும் சூடா வீணாப் போகும். இதுல ஒரு துளி வீணாகாது.”

பின்னால் யாரோ எச்சிலை விழுங்கும் சத்தம். இன்னொரு தரம். கண்ணாடியில் பார்த்தேன். நான் காலை எடுக்கும்போதெல்லாம் ஐந்து தலைகளும் ஒன்றாக முன்னால் சாய்ந்தன. மிதித்தபோது ஒன்றாகப் பின்னால் போயின. அனிதா மேரியின் உதடு வெளுத்திருந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். எழுபத்தெட்டு ஆகியிருந்தது. பவர் ஹவுஸ் குழாய் தெரிகிற இடத்துக்குள் எழுபத்தொன்பது ஆகிவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. நிறுத்தாமல் இன்னும் இரண்டு வளைவுகள் ஓட்டினேன்.

எழுபத்தொன்பது ஆனது. அனிதா மேரி கஸ்தூரியம்மாளின் மடியில் வாந்தி எடுத்தாள்.

அதைப் பார்த்துக் கஸ்தூரியம்மாள் வாயைப் பொத்தியது. விரல் இடுக்கு வழியாக வாந்தி வெளியே வந்தது. கடைசி சீட்டில் இருந்த இரண்டு பேரும் ஒருவர்பின் ஒருவராக நடுசீட்டின் முதுகில் கொட்டினார்கள். மெல்லாத கப்பைத் துண்டுகள், மஞ்சள் குழம்பு, மீன் முள். ஜன்னல் கண்ணாடிகள் மூடியிருந்தன. ஏசி வெளிக்காற்றை எடுக்காமல் உள்காற்றையே சுற்றவிடும் நிலையில் இருந்தது. அதில் குளிர் சீக்கிரம் வரும், மின்சாரமும் மிச்சம். அதனால் அந்தக் காற்று பின்னாலிருந்து வந்து, குளிர்ந்து, முன்னால் என் முகத்தில் சில்லென்று அடித்தது.

ஓரமாக நிறுத்தினேன். ஐந்து பேரும் இறங்கித் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் எடுத்தார்கள். மொக்கம்மாளும் இறங்கியது. அதன் பை மடித்தபடியே இடுப்பில் இருந்தது. கப்பை அதன் வயிற்றில் பத்திரமாக இருந்தது.

தண்ணீர் கேனைத் திறந்து அதுதான் ஒவ்வொருவருக்கும் ஊற்றியது. தன்னிடம் வந்தபோது கஸ்தூரியம்மாள் கேனைத் தட்டிவிட்டது.

“எல்லாம் ஒன்னாலதேன். அஞ்சு வருசமா ஒன் நாத்தத்தைப் பிடிச்சுப் பிடிச்சு எங்களுக்கும் ஒட்டிக்கிருச்சு.”

“நான் இன்னைக்கி எடுக்கவே இல்லையேக்கா.”

“நீ பக்கத்துல இருந்தாலே போதும். நாளைக்கி வராத.”

அந்த வாடையைவிட இந்தப் பேச்சுதான் எனக்கு அதிகம் குமட்டியது. வாந்திக்கு உண்மையான காரணம் எனக்குத் தெரியும். காதுக்குள் இருக்கும் நீர் உடம்பின் அசைவை மூளைக்குச் சொல்கிறது. கண் வேறொன்றைச் சொன்னால் மூளை குழம்பும், வயிறு புரளும். ஜீப்பில் எஞ்சின் சத்தம் மாறுவதை வைத்து உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடும். என் காரில் சத்தம் இல்லை. எப்போது பிடிக்கும், எப்போது பாயும் என்று பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. முன்சீட்டில் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரிந்தது. எல்லாம் தெரிந்த நான் வாயைத் திறக்குமுன் மேலேயிருந்து சத்தமில்லாமல் செல்லப்பாண்டி அண்ணனின் ஜீப் வந்து நின்றது.

டீசலை மிச்சம் பிடிக்க எங்கள் ஊர் டிரைவர்கள் இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுவார்கள். பிரேக் கருகிச் செத்த எலி மாதிரி நாறும். ஆனால் வண்டி படகு போல இறங்கும். பின்னால் எட்டுப் பெண்கள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“என்ன மாப்ள, சார்ஜ் தீந்துருச்சா?”

கஸ்தூரியம்மாள் அவசரமாக மடியை மறைத்துக்கொண்டு திரும்பியது. “அதெல்லாம் இல்லண்ணே. இந்த மொக்கம்மாதேன். வழக்கம்போல. எங்க சேலையெல்லாம் நாறடிச்சுட்டா.”

ஜீப்பிலிருந்த எட்டுப் பேரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு மொக்கம்மாளைப் பார்த்தார்கள். அது கேனைக் கையில் பிடித்தபடி நின்றது. மறுக்கவில்லை. யாரும் நம்பப்போவதில்லை என்று அதற்குத் தெரியும். அனிதா மேரி தரையைப் பார்த்தாள்.

நான் சும்மா இருந்தால் போதும். என் காரின் பேர் கெடாது, மேனேஜர் பேசின வாடகையும் போகாது. ஒருத்தி மட்டும் போவாள்.

“அண்ணே, மொக்கம்மாக்கா எடுக்கல. அத விட்டுட்டு மத்த எல்லாரும் எடுத்தாக. கஸ்தூரியக்காவுந்தேன்.”

செல்லப்பாண்டி அண்ணன் ஸ்டியரிங்கில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். “கங்காணியுமா?”

“காரணம் என் வண்டி. நான் ஓட்டுன விதம். சார்ஜ் ஏத்தணும்னு வெட்டி வெட்டி ஓட்டிட்டேன்.”

“எம்புட்டு ஏறுச்சு?”

“மூணு பர்சன்ட்டு.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். ஜீப்பில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“அஞ்சு பேரு கொடலைப் பிழிஞ்சு மூணு பர்சன்டா? மாப்ள, இதுக்கு எங்க பொகையே தேவல.” பிரேக்கை விட்டார். ஜீப் சத்தமில்லாமல் உருண்டது. சிரிப்பு மட்டும் இரண்டு வளைவு தாண்டியும் கேட்டது. அவர்கள் ஊர் சேருமுன் கதை சேர்ந்துவிடும் என்று தெரிந்தது.

நான் கஸ்தூரியம்மாளிடம் காதுக்குள் இருக்கும் நீரைப் பற்றி ஆரம்பித்தேன்.

“போதும்டா,” என்றது அது. “ஒன் வெளக்கம் கேட்டா இன்னொரு தரம் வரும்.”

சீட்டைத் துணியால் வழித்துச் சாக்கில் போட்டேன். கஸ்தூரியம்மாள் கேட்டதுபோலவே நான்தான் அள்ளினேன். தையல் இடுக்கில் போனது வரவில்லை. ரீஜெனை அடியோடு குறைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, காலால் பிரேக் பிடித்து மெதுவாக ஓட்டினேன். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும், “பிடிக்கப் போறேன்” என்று சொன்னேன்.

கூடலூரில் எல்லோரும் இறங்கினார்கள். கஸ்தூரியம்மாள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னது:

“காலையில அஞ்சரைக்கி இங்கன நிக்கணும்.”

“யாரெல்லாம்?” என்று மொக்கம்மாள் கேட்டது.

“ஆறு பேருந்தேன். வேற யாரைக் கூப்பிட்டுப் போறது? இன்னைக்கி நடந்ததுக்கு வெளியாளு ஒருத்திகூட இதுல ஏற மாட்டா.” நடக்கத் தொடங்கிவிட்டுத் திரும்பியது. “முன்சீட்டுல நான் உக்காருவேன்.”

“பின்னாடி உக்காந்தா எனக்கு வருமேக்கா.”

கஸ்தூரியம்மாள் என்னைத்தான் பார்த்தது. மொக்கம்மாளும் என்னைப் பார்த்தது.

“வராம ஓட்டுறேன்,” என்றேன். பொறுப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.