ரசமட்டம் வீட்டுக் குட்டை

மழைக்காலம் தொடங்கியதும் டைல்ஸ் மேஸ்திரி வீட்டு ஹால் தரை நடுவில் கணுக்கால் ஆழத்துக்குக் குழியும். கூரை ஒரு சொட்டும் ஒழுகாமலேயே தண்ணீர் நிரம்பும். ஒரு மாதம் இருந்துவிட்டு வற்றும். வற்றியதும் தரை பழையபடி சமமாகிவிடும், டைல்ஸில் ஒரு கீறல்கூட இருக்காது.

வேறு யார் வீட்டிலாவது என்றால் ஊர் கண்டுகொண்டிருக்காது. மேஸ்திரிக்கு ஊர் வைத்த பெயரே ரசமட்டம், தரை சமமா என்று பார்க்கும் கருவியின் பெயர். அவர் போட்ட தரையில் கோலிக்குண்டு வைத்த இடத்தில் நிற்கும். பள்ளத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இராது. காலி மனைகளில் மழைக்குத் தேங்கும் குட்டைகளையெல்லாம் இடிபாடு கொட்டி நிரவியவர், கடைசிக் குட்டையின்மேல் தன் வீட்டையே கட்டிக்கொண்டார். அந்தக் குட்டைகளில் நகத்தளவு இறால்கள் இருந்தன, கண்ணாடி நிறத்தில். மழைத்தண்ணீரில் பொரிந்து, மல்லாந்தே நீந்தி, வற்றுவதற்குள் முட்டையிட்டுச் செத்துப்போகும். முட்டைகள் வருடக்கணக்கில் புழுதியோடு புழுதியாகக் கிடக்கும். இப்போது ஹால் தண்ணீரிலும் அதே இறால்கள். போக வேறு பள்ளம் இல்லாமல்தான் அவை ஹாலுக்கு வந்தன என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை.

ரசமட்டம் விடவில்லை. மோட்டார் வைத்து இறைத்தார், விடிவதற்குள் ஊறிவிட்டது. சிமெண்ட் கொட்டினார், சிமெண்டும் சேர்ந்து குழிந்தது. இறால்களைத் தின்னட்டும் என்று மீன் வாங்கி விட்டார். மனைவி அந்த மீன்களை டீ வடிகட்டியால் ஒன்று விடாமல் பிடித்து வாளிக்கு மாற்றினாள்.

"வருஷத்துல ஒரு மாசம் வந்துட்டுப் போகுதுங்க. உங்க தம்பி வந்தா மூணு மாசம் இருக்காரு. அவரை மோட்டார் வச்சா இறைச்சீங்க?"

"என் தம்பியால என் பேரு கெடல."

"அதையும் ஊருல கேட்டுப் பாருங்க."

தரை போடச் சொல்ல வந்த ஒருவர் ஹாலைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். அன்று மனைவி கடைக்குப் போன நேரத்தில் ரசமட்டம் ஒரு டின் பூச்சிமருந்தை ஊற்றிவிட்டார். மறுநாள் தண்ணீரில் ஓர் அசைவும் இல்லை. அவள் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். தண்ணீர் வற்றிய பிறகு ஹாலின் நடுப்பகுதியை மட்டும் பெருக்காமல் விட்டாள்.

அடுத்த வருடம் தண்ணீர் தனியாக வந்தது. அதற்கடுத்த வருடமும் அப்படியே. இறைக்க அவருக்கு மனம் வரவில்லை. சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு என்னவோ போலிருக்கிறது என்று தம்பிகூட ஒரே வாரத்தில் மூட்டை கட்டினான். ரசமட்டத்துக்கு அழுகை வந்தது. கொன்றவனே அழுதால் யார் நம்புவார்கள் என்று அதையும் அடக்கிக்கொண்டார்.

மூன்றாம் வருடம் மேகம் கறுத்ததும் சோபாவை அவரே ஓரங்கட்டினார். தண்ணீர் வந்து சில நாள் கழித்து, காலையில் மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க."

அவள் பேசியதே அவருக்குப் பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது. பெருக்காத புழுதிக்கு மேலே தூசு போல ஒன்று, மல்லாந்து, கால்களை அசைத்துக்கொண்டு போனது. பின்னால் இன்னொன்று. அவர் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

அந்த வாரமே, முன்பு சிரித்துவிட்டுப் போனவர் வேறு மேஸ்திரி சரிப்படாமல் திரும்ப வந்து காலிங்பெல் அடித்தார். ரசமட்டம் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"சமையலறைப் பக்கமா சுத்தி வாங்க சார். ஹால்ல ஆளுங்க இருக்காங்க."