அமோஸ் கெல்லட்டின் மேல் கை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட இங்கிலாந்தில், எங்கள் அல்வர்ஸ்டனில் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர், "கம்பூன்றித் தாண்டுறதுல நம்மள அடிக்க அந்தக் காலத்துல ஆளே இல்ல. லண்டன்காரனும் அமெரிக்காக்காரனும் சேந்து ஏமாத்திட்டானுங்க" என்றார். கடை மொத்தமும் தலையாட்டியது. கத்திரி காதோரம் இருந்தும் நானும் ஆட்டினேன். இந்த ஊருக்கு மருமகனாக வந்து பாதி ஆயுள் போய்விட்டது. எதற்குத் தலையாட்ட வேண்டும் என்று தெரியும். வீட்டுக்கு நடக்கும்போதுதான் கோபம் வந்தது. எப்போதும் வெளியாள்தான் கெடுக்க வேண்டுமா? நம்மவர்களே கெடுத்திருக்கக் கூடாதா?

அதற்காக ஒருவனை உண்டாக்கினேன். அமோஸ் கெல்லட். அப்படி ஒருவன் இருந்ததில்லை, தேட வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "விக்டோரியா ராணியின் கடைசிக் காலத்தில், சுரங்கத்தின் செம்மண் படிந்த கைகளோடு, அமோஸ் வானத்தை நோக்கி"

வேண்டாம். ஓடும்போது வானத்தைப் பார்க்கிறவன் பல்லை உடைத்துக்கொள்வான்.

இப்படித் தொடங்குகிறேன். அமோஸ் இரும்புத் தாது வெட்டுகிறவன். விழா நாட்களில் கம்பூன்றித் தாண்டுவான். எங்கள் பக்கத்து முறை தனி. ஓடிவந்து கம்பைப் புல்லில் குத்தினால் அது நிமிர்ந்து ஒரு கணம் செங்குத்தாக நிற்கும். மற்றவர்கள் அந்த வேகத்திலேயே குறுக்குக் கம்பியைத் தாண்டிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் அந்தக் கணத்தில் கைமேல் கை வைத்துக் கம்பில் ஏறுவார்கள், அப்புறம்தான் தாண்டுவார்கள். ஏறும் ஒவ்வொரு கையையும் கூட்டம் உரக்க எண்ணும்.

(இதை அடிக்குறிப்பில் போட நினைத்தேன், யாரும் படிக்கமாட்டீர்கள் என்பதால் இங்கேயே: எண்ணாமல் நிற்பது எங்களிடம் அவமரியாதை. தாண்டுகிறவனைப் பிடிக்காதவர்கள்தான் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள்.)

3

லண்டனில் ஒரு பெரிய போட்டி. அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் கப்பலேறி வருகிறார்கள். ஆள் தேர்ந்தெடுக்க வந்த கனவான் அமோஸைத் தனியே அழைத்து, இரு நாட்டாரும் பேசி வைத்த விதியைச் சொன்னார்: மேல் கை பிடித்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஏறினால் தாண்டியது செல்லாது.

"அவங்க உங்களக் குரங்குன்னு சொல்றாங்க கெல்லட். தாண்டல, மரம் ஏறுறாங்கன்னு."

அமோஸுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவர்கள் விதிப்படியே அவர்களை ஜெயித்து, ஒரே ஒரு தடவையாவது 'தாண்டினான்' என்று சொல்லவைக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். மனைவி ஹன்னாவிடம் மட்டும் சொன்னான்.

"எங்க அண்ணன்கிட்டயாவது சொல்லேன்" என்றாள்.

"ஜோஸ்கிட்டயா? அமெரிக்காக்காரன் மெரட்டுனதும் கையக் கட்டிக்கிட்டியான்னு சுரங்கம் பூரா தமுக்கடிப்பான். ஜெயிச்சுட்டு வந்து சொல்லிக்கலாம்."

"தோத்துட்டா?"

"தோத்தா எதுக்குச் சொல்லணும்?"

"நல்லாருக்குடா உன் ஞாயம். சரி, கயித்த ஏத்தவா எறக்கவா?"

(முதல் வரைவில் ஹன்னாவை மூக்கைச் சிந்தும் மனைவியாக எழுதியிருந்தேன். சோம்பேறித்தனம். உண்மையில் துணி காயப்போடும் கயிற்றை இரண்டு ஆப்பிள் மரங்களுக்கு நடுவே கட்டி, அந்த வசந்தம் முழுக்க அவன் மேல் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். நகர்ந்தால் திட்டினாள். போகப்போகத் திட்ட வேண்டியிருக்கவில்லை.)

4

ஜோஸும் சுரங்கத்து ஆட்களும் ரயிலேறி வந்து லண்டன் மைதானத்துக் கயிற்றோரம் கூட்டமாக நின்றார்கள், கையில் இறைச்சிப் பணியாரமும் பீர் குடுவையும். ஹன்னாவுக்கு ரயில் கட்டணத்துக்கு வழியில்லை.

அமெரிக்கன் மூன்று முறையும் தவறவிட்ட உயரம். அமோஸுக்கு மிச்சமிருந்தது ஒரே முயற்சி. ஓடினான், குத்தினான், கம்பு நிமிர்ந்தது.

மேல் கை நகரவில்லை. எழுதுகிறவன் நான், நான் சொல்கிறேன், நகரவில்லை.

"ஒண்ணு!" என்று கத்தினார்கள் எங்கள் ஆட்கள். "ரெண்டு! மூணு!"

அமோஸ் அந்தப் பக்கம் புல்லில் கால் ஊன்றி நின்றான். குறுக்குக் கம்பி அசையவே இல்லை. நடுவர் கண்ணில் வெயில். அவர் பார்த்தது பாதி, கேட்டது முழுசு.

"கெல்லட், மேல் கை மாறிச்சா?"

"இல்லைங்க சார்."

"உங்க ஊர்க்காரங்களே எண்ணினாங்களே?"

"அது பழக்கத்துல கத்துறதுங்க. அவங்களுக்கு விதி தெரியாது."

நடுவர் கயிற்றோரம் போய் ஜோஸிடம் கேட்டார். ஜோஸ் தொப்பியைக் கழற்றி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"மாறிச்சாவா? மூணு தடவ சார்! எங்க ஊருக்கு வந்து பாருங்க, அஞ்சுகூடப் போவான்!"

"மச்சான்..." என்றான் அமோஸ்.

ஜோஸ் அவனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

5

நடுவரை வில்லனாக்க ஆசைப்பட்டேன். தடித்த மீசை, மோதிரம், எல்லாம் எழுதிப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். சாட்சி கேட்டார், சாட்சி சொன்னபடி, தாண்டியது செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஏன் என்பது கயிற்றோரம் வரை எட்டவில்லை. ஜோஸும் பொய் சொல்லவில்லை. மூன்று கை ஏறியதை அவன் நிஜமாகவே பார்த்தான். நேசிக்கிறவர்கள் இப்படித்தான், நாம் என்ன செய்தாலும் அவர்களுக்குப் பிடித்ததை நாம் செய்ததாகவே பார்ப்பார்கள். எனக்கு இது கசக்கிறது. கதைக்காகச் சொல்லவில்லை.

திரும்பும் ரயிலில் ஜோஸ் அமோஸின் தோளில் கை போட்டான்.

"நாங்க இத்தன பேரு சாட்சி சொல்லியும் குடுக்கலயே மாப்ள. திருட்டுப் பசங்க. விடு, நாம யாருன்னு நமக்குத் தெரியாதா?"

அமோஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான் என்று

அந்த வரியை அடித்துவிட்டேன். அவன் ஜோஸின் முகத்தைத்தான் பார்த்தான். சொல்லியிருக்கலாம். சொன்னால், தங்கை புருஷனைக் கெடுத்தவன் என்ற பாரத்தோடு ஜோஸ் மிச்ச ஆயுளை ஓட்ட வேண்டும். அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஓட்ட வேண்டும். அதனால் "ஆமா மச்சான்" என்றான்.

6

முடிவுகள்.

(அ) அமோஸ் கம்பை ரம்பத்தால் அறுக்கிறான். அழகுதான். ஆனால் நல்ல மரத்தை எந்த ஏழை அறுப்பான்?

(ஆ) வருடங்கள் கழித்து உண்மை தெரிந்து ஜோஸ் அழுகிறான். உண்மை தானாக வெளிவரும் என்று நம்புகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். நான் முடிவெட்டும் கடைக்குப் போகிறவன்.

(இ) இதில்தான் மாட்டிக்கொண்டேன். ஆகஸ்டில் ஊர் விழா. லண்டன் ஏமாற்றிய வீரன் என்று அமோஸைத் தோளில் தூக்கிவருகிறார்கள். கம்பி லண்டன் உயரத்துக்கும் மேலே, ஏறாமல் தாண்டவே முடியாத உயரத்தில். இங்கே எந்த விதியும் இல்லை. அவன் ஓடிவந்து குத்திவிட்டான், கம்பு நிமிர்ந்துவிட்டது. கை மேல் கை வைத்தால் ஜோஸ் சொன்னது உண்மையாகிவிடும், குரங்கு என்றவர்கள் சொன்னதும். வைக்காவிட்டால் விழுவான், லண்டன் நம்ம அமோஸை முடிச்சிடுச்சு என்று ஊர் உச்சுக்கொட்டும்.

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். அவனை ஏற்றவும் எனக்கு மனசில்லை, விழவைக்கவும் மனசில்லை. கம்பு அவ்வளவு நேரம் நிற்காது என்பதும் தெரியும்.

கூட்டம் எண்ண வாயைத் திறந்துவிட்டது. ஹன்னா மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு அவன் மேல் கையைப் பார்க்கிறாள். பக்கத்திலிருந்து யாரோ அவள் முழங்கையை இடித்து, "என்னடி, உன் புருஷன்தானே? எண்ணு!" என்கிறார்கள்.

அவளுக்கு இந்தப் பக்கம் நிற்பது நீங்கள். லண்டனில் அவன் நிஜமாகத் தாண்டியது தெரிந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் அவளும் நீங்களும்தான். அவள் உங்கள் பக்கம் திரும்புகிறாள்.