அப்பாவைக் கொன்றது யார்

அப்பா செத்துக் கிடந்ததை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரல்வாய்மொழியே பார்த்தது. ‘காத்தாடிக் காடு’ என்று ஒரு கொலைத் தொடர், வாரம் ஒரு எபிசோடாக ஓடிடியில் வந்தது. முதல் எபிசோடில், பெயர் போட்டு முடிந்த கையோடு, ஒரு காற்றாலைக்கு அடியில் காக்கிச் சட்டையும் மண்ணுமாகக் கிடக்கிற வாட்ச்மேன் பிணம்தான் எங்கள் அப்பா தாணு. உயிரோடிருக்கிற அப்பா அந்த நேரம் முன்னறையில் டிவிக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “நான்தான், நான்தான்” என்று விரலை நீட்டிக்கொண்டிருந்தார். இல்லை என்று யாரோ வழக்குப் போட்ட மாதிரி.

இந்த வேஷம் அப்பாவுக்குத் தூங்கிக் கிடைத்தது. சந்திப்பில் அவருக்குப் பலசரக்குக் கடை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கல்லாவுக்குப் பின்னால் அரிசி மூட்டை மேல் சாய்ந்தாரானால் கடையையே தூக்கிக்கொண்டு போனாலும் தெரியாது. பிணமாகக் கிடப்பதற்குச் சென்னையிலிருந்து வந்த நடிகர் எங்கள் ஊர் வெயிலையும் கருவேல முள்ளையும் பார்த்துவிட்டு, முதுகுவலி என்று சொல்லி ரயிலேறிவிட்டார். தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்கு வந்த உதவி இயக்குநர் பெண் அப்பாவை எழுப்பவில்லை. ஒரு போட்டோ எடுத்து டைரக்டருக்கு அனுப்பினாள். அப்பா கண் விழித்தபோது நடிகராகியிருந்தார்.

தொடர் வரத் தொடங்கியதும் கடைக்கு வருகிறவர்கள் வாங்க வந்ததை மறந்தார்கள். “அண்ணாச்சி, ஒங்களக் கொன்னது யாரு?” என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. அப்பாவுக்கு எப்படித் தெரியும்? ஒரு பகல் கிடந்தார், சாயங்காலம் பிரியாணி சாப்பிட்டார், வந்துவிட்டார். கதையை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனசு வராமல், “சொன்னா கேஸாயிரும்” என்று மீசைக்குள் சிரித்துக்கொள்வார். தொடரில் வருகிற மச்சினன்தான் என்றார் பால்காரர். இன்ஸ்பெக்டரம்மாவே கொன்றிருப்பாள் என்று பஸ் கண்டக்டர் ஒருவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு விளக்கினார். பக்கத்துக் கடையில் தையல் மிஷின் போட்டிருக்கும் ஞானபாய் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

“பொண்டாட்டிதான். அவ அழுகதப் பாத்தாலே தெரியாண்டாமா? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பொணத்துக்கு மேல விழும்போதும் சேலைய ஒதுக்கிட்டு விழுதா!”

அப்பாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. ஆனால் ஊர் முழுக்கக் கருத்துச் சொல்லியும் அவருக்கு அது போதவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது அம்மாவின் கருத்து. அம்மாவோ ஒரு காட்சிகூடப் பார்க்கவில்லை. டிவியில் அந்தத் தலைப்பு இசை வந்தாலே கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

“ஏட்டி வடிவு, ஒரு தடவ பாரேன். ரெண்டு நிமிசம்தான் கெடக்கேன்.”

“புருசன் பொணமாக் கெடக்கதப் பாக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து? நீங்க பாருங்க, ஒங்க ஊரப் பாக்கச் சொல்லுங்க.”

போதாததற்குப் படப்பிடிப்புக்காரர்கள் அப்பாவின் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பிளாஸ்டிக் மாலையும் மாட்டி ஒரு காட்சியில் தொங்கவிட்டிருந்தார்கள். முடிந்ததும் அதை அப்பாவிடமே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்கள். இவரும் மாலையைக் கழற்றாமல் அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். அன்றைக்கு அம்மா போட்ட சத்தத்தில் காற்றாலைகள் நின்றிருக்கும். மாலை போன இடம் தெரியவில்லை. போட்டோ மட்டும் கட்டிலுக்கு அடியில் குப்புறக் கிடந்தது.

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தோடு கடைக்குப் போனவள், அப்பா மூட்டைகளுக்கு நடுவே சரிந்து கிடந்ததைப் பார்த்தாள். தூக்கம் என்றுதான் நினைத்தாள். கூப்பிட்டாள், உலுக்கினாள், அடித்தாள். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்துக் கரையேற்றிவிட்டார்கள், உண்மைதான். ஆனால் அன்றிலிருந்து அப்பா எப்போது கண்ணயர்ந்தாலும் அம்மா எதையாவது எடுக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து, அவர் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போவாள். அப்பாவுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம்தான் சனியன் பிடித்தது. தொடர்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கிற ஒரு யூடியூப் பையன், அப்பா கிடக்கிற காட்சியை நிறுத்தி, சட்டையின் மூன்றாவது பொத்தானைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, “பிணம் மூச்சு விடுது மக்களே” என்று ஒரு வீடியோ விட்டான். பார்த்தால் உண்மைதான். வயிறு மெள்ள எழும்பி மெள்ளத் தாழ்கிறது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. கீழே ஆயிரக்கணக்கில் கருத்துகள். ‘இன்ஸ்பெக்டர் மேடம், பாடிக்கு லேசா பசிக்குது போல.’ ‘கொலைகாரன் வேலைய முடிக்கல.’ ‘சும்மா படுக்கக்கூடத் தெரியாதவனுக்குச் சம்பளமா?’ நாகர்கோவிலில் கண் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் சீட்டு எழுதுவது என் வேலை. அன்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், சொந்தப் பெயரில் பாதி பொய்ப் பெயரில் பாதியாக, அத்தனை பேரையும் பதிலுக்குத் திட்டிக்கொண்டே போனேன். கட்டை விரல் வலித்ததுதான் மிச்சம்.

கடையில் கேள்வி மாறிவிட்டது. “அண்ணாச்சி, மூச்சு விடாம அரக்கிலோ உளுந்து போடுங்க பாப்போம்” என்று சின்னப் பயல்கள்கூடக் கேட்டார்கள். அப்பா முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள் உளுந்தை மட்டும் போட்டார். அடுத்த நாள் மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

“விடுங்கப்பா. வேலவெட்டி இல்லாத பயலுவ” என்றேன்.

“இல்ல மக்கா. நடி, பேசுன்னு எவனும் எங்கிட்டச் சொல்லல. ஒண்ணும் செய்யாமக் கெடங்கன்னுதான் கூப்பிட்டாவ. அதுகூட ஒழுங்காச் செய்ய ஒக்கல பாத்தியா? அந்தப் புள்ளைக்கு எவ்வளவு கொறச்சலு.” அவரைத் தேர்ந்தெடுத்த உதவி இயக்குநர் பெண்ணைச் சொன்னார். “ஒங்கம்ம பாக்காம இருந்தது நல்லதாப் போச்சு.”

அடுக்களையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. அம்மா ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். மறுபடி மிக்ஸி ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை நான் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தபோது அந்தத் தலைப்பு இசை கேட்டது. கொஞ்சம் ஓடும், ஓய்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து கேட்கும். “அஸ்வதி, போதும் மக்கா, அத அமத்து” என்று முன்னறையிலிருந்து அப்பா சத்தம் கொடுத்தார். போன் என் கையில் இல்லை. தேடிக்கொண்டு அடுக்களைக்குப் போனால், அம்மா தரையில் சம்மணமிட்டு, உப்பு ஜாடியில் என் போனைச் சாய்த்து வைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பாதி அரிந்த வாழைத்தண்டு கறுத்துக்கொண்டிருக்கிறது.

“ஏட்டி, வந்தியா? இத எப்படிக் கொஞ்சமாப் பின்னால கொண்டுபோகது? ஒவ்வொரு மட்டமும் மொதல்லருந்து பாட்டக் கேட்டுக்கிட்டு வரவேண்டியிருக்கு.”

அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, திரையின் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டக் காட்டிக்கொடுத்தேன். அம்மா தட்டினாள். அப்பா கிடந்தார். மறுபடி தட்டினாள். மறுபடி கிடந்தார். முதுகுக்குப் பின்னால் அரவம் கேட்டுத் திரும்பினேன். அப்பா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

“நீயா பாக்க?” என்றார். “நீயும் சிரிச்சிரு வடிவு, ஒனக்கென்ன.”

“இங்கன வாங்க. இரிங்க.”

அப்பா தயங்கித் தயங்கி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அம்மா போனை இருவருக்கும் நடுவே நகர்த்தினாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டேவிட்டார் மனுஷன். அந்த நிலைமையிலும் அவருக்கு அது வேண்டியிருந்தது.

“மூஞ்சியெல்லாம் மண்ணு. காதுக்குள்ள எறும்பு போயிருக்கும். அந்தப் பொண்டாட்டிக்காரி அழுகதெல்லாம் ஒரு அழுகையா?” என்றாள் அம்மா. “இந்தா, இந்த எடம். இப்பம் பாருங்க. பொத்தான் எழும்புதா? எழும்புதுல்லா? இப்பம் தாழுது.” கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “அன்னைக்குக் கடையில இத ஒண்ணத்தான் நான் தேடினேன். இப்படித்தான் கெடந்திய. குனிஞ்சு குனிஞ்சு பாக்கேன், கண்ணு மறைக்கு, ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. ஊர்ல உள்ளவனுவ சொல்லுகானுவ, சொல்லட்டும். எனக்கு இந்த எடம்தான் நல்லாருக்கு.”

அம்மா அன்றைக்கு இப்படித் தேடியது எதுவும் அப்பாவுக்கு இதுவரை தெரியாது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அம்மா மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இதுல” என்று காட்டுவதற்காக விரலைக் கொண்டுபோய் அந்தப் பொத்தான் மேல் வைத்தாள். விரல் பட்டதும் படம் நின்றுவிட்டது. மேலே காற்றாலை நின்றது. எழும்பிய வயிறு எழும்பியபடி நின்றது.

“ஏட்டி, நின்னுட்டு! அஸ்வதி, நின்னுட்டுடி, பாரு!” என்று பதறினாள்.

நான் கையை நீட்டித் திரையைத் தொடுவதற்குள் அவளுடைய இன்னொரு கை தானாகவே பக்கவாட்டில் போய் அப்பாவின் சட்டையில்லாத வயிற்றில் அழுந்தியிருந்தது. வேறு சமயமாக இருந்தால் மகள் முன்னால் இருவருமே விலகி உட்கார்ந்திருப்பார்கள். வாழைத்தண்டின் ஈரம் ஒட்டிய அந்தக் கைக்கு அடியில், அப்பா கண்ணை மூடிக்கொண்டு, நன்றாகத் தெரியும்படி, பெரிது பெரிதாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.