கரி படியும் வரை

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் டைனமோ பொறி கக்குகிறது என்று ஆள் வந்து சொன்னது ஒரு வியாழக்கிழமை விடியலில். வேறெந்த நாளாக இருந்தாலும் அலவி மறுபேச்சில்லாமல் சாமான் பெட்டியைத் தூக்கியிருப்பான். பதுளையில் டைனமோவைத் திறந்து பார்க்கத் தெரிந்த கை அவன் கை ஒன்றுதான். எந்தத் தோட்டத்து விளக்கு கண் சிமிட்டினாலும் வண்டி அவன் வாசலில்தான் வந்து நிற்கும். ஆனால் அன்றைக்குப் பொழுது சாய்ந்தால் றஷீனாவின் இத்தா முடிகிறது. அந்த ஒரு பொழுதுக்காக அவன் நாலு மாதத்துக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

இத்தா என்றால் சும்மாவா? கணவனை மண்ணில் வைத்த பெண் அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கிற காலம் அது. முடியும்வரை அவளைப் பெண் கேட்டு ஒரு சொல் போகக்கூடாது. அதிலும் மௌத்தானவன் யார்? வாஹித். அலவியோடு ஒரே பள்ளியில் ஓதின கூட்டாளி, பஜாரில் பக்கத்துக் கடைக்காரன். கூட்டாளி எப்போது சாவான் என்று காத்திருந்தானாம் என்று பஜார் வாய் பேச எவ்வளவு நேரம் ஆகும்? அதனால், அண்ணனை நானா, நானா என்று சுற்றி வருகிற தங்கை நளீராவை உட்காரவைத்து அலவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அந்த வீட்டுக்குப் போ, வா, ஒத்தாசை செய். என் பேரை மட்டும் வாயில் எடுக்காதே. யார் கேட்டாலும் எடுக்காதே. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நானே பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பேன். நளீரா சரி என்றாள். அவள் கொடுத்த வாக்கை மீறாதவள், அதில் அவனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆசை என்னவோ நாலு மாதத்து ஆசை இல்லை. மீசை அரும்பின நாளிலிருந்து அவள்மேல் உயிராய் இருந்தான். அப்போதும் இந்த மனுஷன் வாய் திறக்கவில்லையே! கொழும்புக்கு வேலை பழகப் போனவன், தொழில் கைக்கு வரட்டும், நிரந்தரமாக ஒரு வேலை அமையட்டும், பிறகு கேட்போம் என்று இருந்தான். திரும்பி வந்தபோது வாஹித் அவனைத் தன் நிக்காஹ் விருந்துக்கு அழைத்தான். போனான், சாப்பிட்டான், வாழ்த்தினான். அதன்பிறகு கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம் மிஷினைக் கட்டிக்கொண்டேன் என்று சிரித்து மழுப்பினான். பச்சைப் பொய். வாஹித்தின் கடையில் வெற்றிலைக்கு நிற்கும்போது உள்ளே திரைக்குப் பின்னால் அவள் இருமினால்கூட, வாங்க வந்தது என்னவென்று மறந்து போய்விடும் அவனுக்கு.

பொழுது சாய வந்துவிடுவேன் என்று நளீராவிடம் சொல்லிவிட்டு வண்டியேறினான்.

தோட்டத்துத் தேயிலை ஆலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். ஸ்டோருக்குக் கீழே, ஓடைத் தண்ணீர் குழாயில் இறங்கிச் சக்கரத்தைச் சுற்றுகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள்தான் டைனமோ. அதைப் பார்த்துக்கொள்கிறவன் அழகையா, நல்லவன், சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே நல்லவன். அலவி சக்கரத்தை நிறுத்தச் சொல்லி, ஸ்பிரிங்கைத் தூக்கி, சுற்றுகிற செம்பு உருளையைத் தொட்டு மின்சாரத்தை வாங்குகிற கரிக்கட்டையை வெளியே இழுத்தான். வரவில்லை. அசைத்து, ஆட்டி, குறட்டால் பிடித்து இழுத்தபோது மூலை உடைந்து வந்தது. கரி உட்காருகிற பித்தளைக் கூட்டுக்குள் விரலை விட்டான். கறுப்புக் களி மாதிரி ஏதோ ஒட்டியது. முகர்ந்து பார்த்தான். தேங்காய் எண்ணெய்.

என்ன இது என்று கேட்டதற்கு, கீச்சுக் கீச்சென்று கத்தியதாகவும், பாவமாக இருந்ததால் தினமும் கொஞ்சம் விட்டதாகவும் அழகையா சொன்னான். எண்ணெய் விட்டானாம்! கத்துகிற எல்லாவற்றுக்கும் எண்ணெய்தான் மருந்தா? கரித்தூளும் எண்ணெயும் சேர்ந்து கூட்டுக்குள் இறுகிப்போய், கரி கீழே இறங்க வழியில்லாமல் நின்றிருக்கிறது. இறங்காத கரிக்கும் சுற்றுகிற செம்பு உருளைக்கும் நடுவே மயிரளவு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பொறி. அலவிக்குத் திட்ட வாய் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அன்றைக்கு அவனுக்கு எல்லாமே நல்லதாகத்தான் தெரிந்தது.

ஒவ்வொரு கூடாகக் கழற்றிச் சுரண்டித் துடைத்தான். புதுக் கரியைக் கூட்டுக்குள் வைத்துக் கையை எடுத்தால் அது தானாக இறங்க வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. இறங்காததை அரத்தால் ஒரு இழைப்பு இழைத்தான். பிறகு செம்பு உருளையின்மேல் மணல்தாளைச் சுற்றி, அது சுழலும் பக்கமாகவே இழுத்து இழுத்து, கரியின் தட்டையான முகத்தை உருளையின் வளைவுக்குத் தேய்த்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் கரியைத் தூக்கி, தாளைத் திரும்பக் கொண்டுபோய், மறுபடி இறக்கி இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டு பக்கமும் தேய்த்தால் முகம் கோணிவிடும். இழுக்கும்போதெல்லாம் நாளைக்கு என்ன சொல்லிக் கேட்பது என்றே மனதுக்குள் ஒத்திகை பார்த்தான். இவ்வளவு வயதுக்குப் பிறகு என்று தொடங்குவதா, வேண்டாம், அது சரியில்லை. அவள் உள்ளறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்ல வேண்டும், அது மட்டும் நிச்சயம்.

பொழுது இறங்கும்போது சக்கரத்தைத் திறந்தார்கள். விளக்கு எரிந்தது, பொறி இல்லை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா இறங்கி வந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். கொழுந்து குவிந்து கிடக்கிற காலம், மண்ணெண்ணெய் விளக்கு வைத்தால் தேயிலையில் வாடை பிடித்துவிடும் என்று காலையிலிருந்து தவித்தவர் அவர். தேயிலைப் பெட்டி ஏற்றின வண்டி இப்போது பதுளைக்குத்தான் போகிறது, ஏறிக்கொள் என்றார்.

அலவி சாமான் பெட்டியை வண்டியில் வைத்தான். ஒரு காலையும் வைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, இறங்கிப் போய் ஒரு கரியைத் தூக்கிப் பார்த்தான். முகத்தில் பாதிதான் பளபளத்தது. மீதி இன்னும் செம்பைத் தொடவே இல்லை.

"எரியுதுங்களே பாஸ்," என்றான் அழகையா. "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்."

"எரியுது. கரி இன்னும் படியல. படியாமப் பாரத்தக் குடுத்தா நாளைக்கே செம்பத் திண்டுடும்."

அதோடு அந்த எண்ணெய்ச் சட்டி இன்னும் மூலையில்தான் இருந்தது. கால்வாசி விளக்கை மட்டும் எரியவிட்டு, கரி தானே தேய்ந்து படியும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். செம்பு போனால் கொழும்புக்கு அனுப்பித் திரும்பி வர மாதக் கணக்காகும். போ, போ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஜும்மாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று அவன் அதைச் சமாதானப்படுத்தினான். பெட்டியை இறக்கினான். வண்டி அவனில்லாமல் போயிற்று.

காலையில் எல்லாக் கரியையும் தூக்கிப் பார்த்தான். ஒவ்வொன்றும் முகம் முழுக்க ஒரே பளபளப்பு. எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்தார்கள், ஒரு பொறி கிடையாது. அழகையாவின் எண்ணெய்ச் சட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் புறப்பட்டான்.

ஜும்மா தொழுகைக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தான். முடிந்ததும் சட்டை மாற்ற வீட்டுக்கு வந்தான். சலவைச் சட்டையை எடு, பெரியவர்கள் பள்ளி வாசலில் நிற்கிறார்கள் என்று நளீராவிடம் சொன்னான். அவள் அசையவில்லை. கண் வீங்கியிருந்தது. றஷீனா வீட்டுக்குப் பண்டாரவளையிலிருந்து ஆள் வந்ததைச் சொன்னாள், துணிக்கடை மொஹிதீனுக்குப் பெண் கேட்டு, காலையிலேயே, பலகாரத் தட்டோடு. பேசி முடித்தாயிற்று.

காலையில் அவன் கரியின் முகத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ சரிண்டாளா?"

"ஒடனே செல்லல நானா. என்னையக் குசினிக்குக் கூட்டிட்டுப் போய்க் கேட்டா, ஒங்கட நானா ஒண்டும் செல்லலியாண்டு."

"நீ என்ன சென்ன?"

"ஒண்டும் செல்லலண்டேன். நீங்கதானே பேரயே எடுக்க வேணாம்ண்டீங்க."

தங்கையை எப்படிக் குற்றம் சொல்ல? பேரை எடுக்காதே என்றான், எடுக்கவில்லை, வேறென்ன? அதோடு றஷீனா போய்விட்டாளா என்று மட்டும் கேட்டான். நளீரா முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்தாள்.

"இல்ல. அடுப்ப அணச்சா. பொறகு என்ட கையப் புடிச்சுக்கிட்டு, நல்லா யோசிச்சுச் செல்லு நளீரா, ஒரு வார்த்த கூடச் செல்லலியாண்டு கேட்டா. அதுக்கும் இல்லண்டுதான் சென்னேன் நானா."