பாதுகாப்பு வால்வுகளின் கீழ் ஒரு கணவன்

சூறாவளியன்று துறைமுகக் கரையிலிருந்து அலை இழுத்துக்கொண்டு போன ஹுங் மாவ்செங், அடுத்த வாரம் வழக்கம்போல தைவானின் தோங்காங் பனிக்கட்டி ஆலையில் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். இடது கை இடுப்பில். வலது கையில், இயந்திரம் சொன்னபடி கேட்பதற்காக அந்த ஊர் நம்பிக்கைப்படி அதன் தலையில் வைக்கிற பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலம். ஆலையில் யாரும் அலறவில்லை, ஏனென்றால் அங்கே வரைபடம் எப்படியோ ஆலையும் அப்படியே என்பது பல வருடத்துப் பழக்கம். அவன் மனைவி லியாவ் யூசின்தான் வரைபடப் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். கணினியில் அவள் ஒரு குழாயைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், காலையில் குழாய் நகர்ந்திருக்கும். ஃபிட்டர்கள் வந்து நட்டை மட்டும் முறுக்குவார்கள். மென்பொருளோடு வந்த ஆயத்த வடிவங்கள், ஒட்டுப் போட்டே வளர்ந்த அந்த ஆலைக்குச் சரிப்படவில்லை. ஆகவே ஒவ்வொரு வால்வையும் அவளே வரைந்து, தனித் தொகுப்பாகச் சேர்த்து வைத்திருந்தாள். கம்ப்ரசரின் உயரம் தெரியப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று ஆலை மேலாளர் கேட்டபோது, கைக்கெட்டிய ஆளாக மாவ்செங் இருந்தான். அவனையே வரைந்தாள். மாவ்செங்கைக் கடல் கொண்டுபோனாலும் வரைபடத்திலிருந்து அவனை யாரும் எடுக்கவில்லை.

வரைந்த அன்று என்ன சொல்லிக்கொண்டிருந்தானோ அதை மட்டும்தான் சொன்னான்: "தள்ளி நில்லு, சுடும்." வாசலைத் தாண்டி வரைபடம் இல்லை என்பதால் வீட்டுக்கு வரமாட்டான். யூசின் மதியச் சாப்பாட்டை அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கேட்பவர்களிடம் இது போதும் என்று சொல்லுவாள். போதவே போதாது. அவளுக்கு வயதாகிக்கொண்டு போனது, அவனுக்கு ஆகவில்லை. சூரை மீன் சீசன்கள் வந்து போயின, படகுகளுக்குப் பனிக்கட்டி ஒருநாளும் தவறவில்லை.

அப்புறம் தைப்பே தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே வடிவத் தொகுப்பு என்று முடிவு செய்து ஃபாங் என்ற இளைஞனை அனுப்பியது. கெட்டவன் இல்லை, வரும்போது அன்னாசிக் கேக் வாங்கி வந்தான். இரண்டு தரம் இருந்தவற்றை ஒன்றாக்கினான், பெயரில்லாதவற்றுக்குப் பெயர் வைத்தான், சொந்தமாக வரைந்தவற்றில் விதிக்குள் அடங்காதவற்றை நீக்கினான். "மனிதர்கள்" பகுதிக்கு வந்ததும் மாவ்செங்கை நீக்கிவிட்டு, மென்பொருளோடு வந்த முகமில்லாத ஆளை அந்த இடத்தில் வைத்தான்.

"அளவுக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதானே லியாவ் அக்கா? இதுவும் ஆள்தான்."

"இது ஆள் இல்ல தம்பி. கக்கூஸ் கதவுல ஒட்டுற படம்."

மறுநாள் காலை கம்ப்ரசர் பக்கத்தில் முகமில்லாதவன் கால்களை அகட்டி நின்றிருந்தான். ஒழுங்கானவன்தான், நேரத்துக்கு வந்தான், யாரையும் தொந்தரவு செய்யவில்லை. ஆனால் அவன் கையில் பொட்டலம் இல்லை. கம்ப்ரசர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது. அழுத்தம் ஏறியதே தவிர, பனிக்கட்டி அச்சுகளில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. சூரை சீசனின் முதல் வாரம் அது. பனிக்கட்டி இல்லாமல் படகுகள் வரிசைகட்டி நிற்க, மாலுமிகள் ஆலை வாசலில் ஃபாங்கின் பரம்பரையையே விசாரித்தார்கள். ஊரே பச்சைப் பொட்டலம் வாங்கி வந்து அடுக்கியும் இயந்திரம் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு அந்தக் கைதான் வேண்டியிருந்தது. பழைய வடிவத்தை மீட்கவும் வழியில்லை, தைப்பேயில் கணினியின் குப்பைத் தொட்டியைக் காலி செய்துவிட்டிருந்தார்கள்.

யூசின் அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து புருஷனை மறுபடி வரைய ஆரம்பித்தாள். முதலில் வந்தவனுக்குத் தோள் ஒருபக்கம் சரிந்திருந்தது; அடுத்தவன் மாவ்செங்கின் தம்பி மாதிரி இருந்தான். ஒவ்வொருவரும் ஒரு காலையில் கம்ப்ரசர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று, அழித்ததும் கோபித்துக்கொள்ளாமல் போனார்கள். அவனை விட மனமில்லாமல், விரல் மரத்துப்போகும் வரை வரைந்தாள். கடைசியில் தவறு பிடிபட்டது. அன்றைய மாவ்செங்கை இன்றைய யூசினால் வரைய முடியாது. காதோரம் நரையும் சின்னத் தொப்பையும் போட்டாள், கையில் பொட்டலத்தைக் கொடுத்தாள். மறுநாள் காலை கம்ப்ரசர் பழையபடி உறும, அச்சுகளில் தண்ணீர் உறைந்தது.

எங்கே சேமிப்பது என்பதுதான் அடுத்த பாடு. "மனிதர்கள்" பகுதியைத் தைப்பே மாதாமாதம் துடைத்தெடுக்கும். யூசின் விதிகளை முழுக்கப் படித்தாள். பாதுகாப்புச் சாதனங்கள் பகுதியில் மட்டும் தீயணைப்புத் துறையின் சம்மதமில்லாமல் எவரும் எதையும் நீக்க முடியாது. புருஷனைப் பாதுகாப்பு வால்வுகளோடு சேர்த்தாள்.

"அக்கா, இது வால்வு இல்லையே," என்றான் ஃபாங்.

"இவரு இல்லாதப்ப அழுத்தம் ஏறுச்சா இல்லையா? நீங்களே பாத்தீங்கல்ல."

ஃபாங் வாசலில் நின்ற மாலுமிகளைப் பார்த்தான். அனுமதிப் பொத்தானை அழுத்தினான்.

அந்த வருடம் ஆய்வுக்கு வந்த தீயணைப்பு அதிகாரி எல்லா வால்வுகளையும் பார்த்த பிறகு மாவ்செங்கை மூச்சை இழுத்து விடச் சொன்னார், தேறியதாகச் சட்டைக் கையில் சீட்டு ஒட்டினார். பிறகு ஒரு குறை சொன்னார். பாதுகாப்பு வால்வு ஒவ்வொன்றுக்கும் ஓர் உதிரி வேண்டும். அது ஆலைக்கு வெளியே, வரைபடப் பொறுப்பாளரின் கையில் இருக்க வேண்டும். யூசின் ஆகட்டும் என்றாள். விதியே இடம் கொடுத்துவிட்டதால், அந்த ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாகத் தன் வீட்டை ஆலை வரைபடத்தோடு சேர்த்து வரைந்தாள். சமையலறை, அடுப்பு, மேஜை, இரண்டு முக்காலி. தொகுப்பைத் திறந்து, பாதுகாப்பு வால்வுகளிலிருந்து ஒன்றை இழுத்து முக்காலியில் விட்டாள்.

காலையில் அவன் அங்கே உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

"பசிக்குது. கஞ்சியில பால்மீன் போட்டியா?"

"இத்தனை வருஷம் கழிச்சு வந்து கேக்குற கேள்வியப் பாரு," என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைய கஞ்சியில் உப்பு கூடிப்போனது.

குளிர் வந்தபோது தொகுப்பில் அவனுக்கு ஒரு ஸ்வெட்டர் வரைந்தாள். ஆலையில் இருந்தவனும் வீட்டில் இருந்தவனும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டார்கள். மறுவருடம் அதிகாரி ஆலையை முடித்துக்கொண்டு உதிரியைப் பார்க்க அவள் வீட்டு மாடியேறி வந்தார். மாவ்செங் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். இருப்பில் இருக்க வேண்டிய உதிரி தினமும் பயன்பாட்டில் இருப்பதாகத் தெரிகிறது என்று எழுதினார். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், ஈரமான சட்டைக் கையில் சீட்டை ஒட்டிவிட்டு, ஒரு கிண்ணம் கஞ்சியும் குடித்துவிட்டுப் போனார்.