செல்லாயி அடித்த பச்சைச் சாயம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் செல்லாயியின் தையல் கடைக்கு நேர் எதிரே கத்தரினின் தையல் கடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் கத்தரின் கடைக்குள் போன பெண்கள் லேசில் வெளியே வருவதாக இல்லை. செல்லாயிக்கு வயிறு எரிந்தது.

எல்லாம் கத்தரினின் தம்பி ஜெயபாலன் செய்த வேலை. லண்டனில் மனோதத்துவம் படித்தவன். எந்த நிறம், எந்த வெளிச்சம், எந்தச் சத்தம் மனிதரை என்ன செய்யும் என்று ஆராய்ச்சி பண்ணியவனாம். ஊருக்கு வந்திருந்தபோது அக்காள் கடையை அவன்தான் மாற்றி அமைத்தான்.

"செவுத்துக்குச் சாயம் அடிக்க லண்டனுக்குப் போயி படிக்கணுமா லா?" என்று போவோர் வருவோரிடமெல்லாம் செல்லாயி கேட்டாள். தெருவின் இந்தப் பக்கமிருந்து, வாசல் திரை விலகும்போது அவள் கண்ணுக்கு எட்டியது அந்தக் கடைச் சுவரின் பச்சை ஒன்றுதான்.

பழைய வாடிக்கைக்காரி நவமணியின் மகளுக்குக் கல்யாணம். நவமணியின் கல்யாண ரவிக்கையைத் தைத்தவளே செல்லாயிதான். மகளுடையது எதிர்க்கடைக்குப் போனால் தெருவில் தலைகாட்ட முடியுமா? கிடைத்த பச்சையை வாங்கித் தன் கடைச் சுவரில் இடுப்பளவுக்குப் பூசினாள், மேலே வெள்ளை. தரையை டெட்டால் ஊற்றிக் கழுவினாள்.

மகளோடு வந்த நவமணி, உள்ளே கால் வைத்ததும் தோளைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு?"

"ஐயோ அக்கா, நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரியேதான் லா! மருந்து குடுக்குற டிரசர் ஊசியோட வந்துருவாரோன்னு இருக்கு."

"பச்ச மனசுக்குக் குளுமைன்னு அந்தப் படிச்சவன் சொன்னானாமே?"

"இந்தப் பச்சையப் பாத்தா எனக்குக் காய்ச்சல்தான் வருது."

அளவெடுக்க நின்ற மகளோ தோளை இறுக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அளவு நாடா எங்கே படியும்? "அப்புறம் வாரோம்க்கா" என்று இருவரும் நேரே எதிர்க்கடைக்குப் போனார்கள், குடையைக்கூட மறந்துவிட்டு.

குடை கொடுக்கும் சாக்கில் செல்லாயியும் பின்னாலேயே போனாள். ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை!

வாசலின் கனத்த திரை முதுகுக்குப் பின்னால் விழுந்ததும் தெருவின் லாரிச் சத்தம் அடங்கியது. இந்தப் பச்சை வாழைக்குருத்தின் பச்சை. விளக்கு தலைக்கு மேலே இல்லை, கண்ணாடிக்குப் பக்கத்தில். அதில் செல்லாயியின் முகமே பத்து வயது குறைந்து தெரிந்தது. கல்யாணப் பெண் சிரித்துப் பேசியபடி அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்கக்கா" என்றாள் கத்தரின்.

உட்கார்ந்தாள். குறை சொல்ல வந்த வாய் மூட்டுவலியைச் சொன்னது, மருமகளைச் சொன்னது. நவமணியும் மகளும் போன பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

கத்தரின் கடை அடைக்க விளக்கை அணைத்தபோதுதான், கல்யாண ரவிக்கைத் துணியெல்லாம் கத்தரினின் மேசையில் கிடப்பது செல்லாயிக்கு உறைத்தது. எழுந்து வாசல்வரை போனவள் தெருவைப் பார்த்தபடியே கேட்டாள்:

"ஒன் தம்பி அடுத்து எப்ப வாராரு? சும்மாதான் கேட்டேன் லா."